துடுப்பில் கட்டிய சட்டை

அந்தச் சட்டை சிவப்பில்லை, காவி; காவியும் இல்லை, வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்த சிவப்பு என்று பிரகாசி மறுபடியும் தன்னைத் திருத்திக்கொண்டாள். நிறத்திலா இப்போது இருக்கிறது விஷயம்? இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் மனது சண்டி மாடாக அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, வாலை முறுக்கினாலும் எழுந்திருக்க மாட்டேனென்றது. கப்பல்காரர்கள் கரையில் போட்டிருந்த வெள்ளைப் பந்தலுக்குள், பிளாஸ்டிக் நாற்காலியில், யாரோ கையில் திணித்துவிட்டுப் போன எலுமிச்சைச் சாற்றைக் குடிக்காமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே சின்ன வளைகுடா. அதன் வாயில் அவள் வந்திறங்கிய கப்பல் மாடிக்கு மேல் மாடியாக நின்று ஊர்க்காரர்களின் கடலைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. சென்னையில் ஏற்றி, இலங்கையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடும் உல்லாசக் கப்பல். இது தென்கரையில் ஒரு மீன்பிடி ஊர்; பெயரை மருமகன் ரெக்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும் அவள் வாயில் நிற்கவில்லை. மஸ்கட்டில் நர்சு வேலை பார்க்கும் மகள் அன்சிலாதான் இதற்கெல்லாம் மூலம். "எம்மா, நீங்க கடக்கரையில பொறந்து கடக்கரையிலயே கெடந்தியள், கடலுக்குள்ள ஒரு நாளும் போனதில்லல்லா" என்று ஆசைப்பட்டு டிக்கெட் எடுத்தாள். வாஸ்தவம்தான். குளச்சலுக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் பெண்கள் கடலில் கால் நனைப்பதோடு சரி, வள்ளத்தில் ஏற மாட்டார்கள். கடலில் போனவனுக்கு வாழ்க்கைப்பட்டு, கடல் கொடுத்ததைக் கடவத்தில், தலைச்சுமை ஓலைக் கூடையில், சுமந்து விற்றுப் பிள்ளை வளர்த்தவள், அறுபதை நெருங்கும் வயதில் இப்போதுதான் முதல் தடவையாகக் கடலுக்குள் போயிருக்கிறாள். போன அழகுதான் இது.

மகளும் மருமகனும் மற்றவர்களோடு பஸ்சில் கோயிலும் கடையும் பார்க்கப் போய்விட்டார்கள். மூட்டு வலிக்கிறது என்று அவள் பந்தலிலேயே தங்கிக்கொண்டாள். மூட்டு வலித்ததும் பொய்யில்லை, ஆனால் இறங்கிய உடனே அவள் கண்ணில் பட்டது வேறு. வெயில் இவ்வளவு ஏறிய பிறகும் கரையில் ஒரு படகு இல்லை. மணலில் படகை இழுத்த தடம் இருக்கிறது, படகைத்தான் காணோம். மீன் ஏலம் விடுகிற சிமெண்டுத் தரை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. காக்கை இல்லை, வெட்டிய செதிள் இல்லை, ஒரு பூனை மட்டும் நம்பிக்கையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. "என்ன அமைதியான பீச்சு பாத்தீங்களா, நம்ம ஊர்ல இப்படிப் பாக்க முடியுமா?" என்று கப்பலில் கூட வந்த மாம்பலத்து அம்மாள் அவளிடம் வியந்தாள். அமைதி! மீன்பிடி ஊரில் பகலில் அமைதி என்றால் அடிவயிற்றில் நெருப்பு என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்வது? தண்ணீர் ஓரத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி கூட மணலில் உட்காரவில்லை. அதைப் பார்த்ததும்தான் பிரகாசிக்கு விஷயம் பிடிபட்டது. அவள் ஊரிலும் அப்படித்தான். வராத வள்ளத்துக்குக் காத்திருக்கிறவள் உட்கார மாட்டாள். கால் நீட்டி ஒருத்தி உட்கார்ந்தால் அதோடு அது சாவு வீடு. நிற்கிறவரைக்கும் அவன் வந்துகொண்டிருக்கிறான். ரெக்ஸ் பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண்களை வரிசையாக வீடியோ எடுத்துக்கொண்டு போனான். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, திருச்சூரில் வளர்ந்தவன், அவனுக்கு என்ன தெரியும்.

அவளுக்குத் தெரியுமே. எல்லாம் தெரிந்தவளாச்சே அவள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இன்று விடிந்தும் விடியாமலும் பழக்க தோஷத்தில் எழுந்து, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அறையை ஒட்டிய பால்கனியில் போய் நின்றாள். மகளும் மருமகனும் நல்ல தூக்கம். புரை எடுத்த புதுக் கண். டாக்டர் கட்டை அவிழ்த்த நாளிலிருந்து எறும்பின் கால்கூடத் தெரிகிறது என்று பெருமையடித்துக்கொள்வாள். அந்தக் கண்ணுக்குத்தான் அது தென்பட்டது. கீழே, ரொம்பக் கீழே, நீலப் படகு ஒன்று. அதில் மூன்று ஆட்கள். ஒருத்தன் துடுப்பை நிமிர்த்திப் பிடித்திருந்தான், துடுப்பின் நுனியில் ஒரு சட்டை. வெளுத்த சிவப்பு. அவளுக்கு ஒரே சந்தோஷம். துடுப்பில் துணி கட்டித் தூக்கினால் நல்ல மீன்பாடு என்று அர்த்தம். வள்ளம் தாழ்ந்து வருகிறது, கடவத்தை எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள் பெண்டுகளே என்று அர்த்தம். அவள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எத்தனை தடவை அந்தத் துணியைப் பார்த்துச் சோற்றுப் பானையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்பாள். அவள் புருஷன் சூசை ஒரு நாள், மனைவி ஓடி வருகிற அழகைப் பார்க்கவென்றே, வெறும் வள்ளத்தில் கைலியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்தால் நாலு சாளை மீன் கிடக்கிறது, இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கடவத்தாலேயே அடித்தாள். அந்த மனிதன் கடலில் அத்தனை வருஷம் கிடந்தும் கடலில் சாகவில்லை. சர்க்கரை வியாதியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவள் மடியில் தலை வைத்துச் செத்தான். அது ஒரு பாக்கியம் என்று ஊரில் சொன்னார்கள். அவனை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் இன்று காலையில் முந்தானையை எடுத்து ஆட்டினாள். "நெறைய பாடா மக்களே?" என்று கத்தினாள். கப்பலில் ஏறிய நாளிலிருந்து எல்லோரும் எல்லாவற்றுக்கும் கையாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துறைமுகத்தில் கயிறு அவிழ்த்தவனுக்கு, எதிரே போன கப்பலுக்கு, பறவைக்கு. அவர்களும் ஆட்டினார்கள். ஒருத்தன் துள்ளித் துள்ளி ஆட்டினான். என்ன சந்தோஷம் பாரு சவத்துக்கு என்று நினைத்தாள். ஒரு சிலுவை போட்டு ஆசீர்வாதமும் பண்ணினாள். கப்பல் போய்க்கொண்டே இருந்தது, படகு சின்னதாகிச் சின்னதாகி, அவன் துள்ளுவது மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு காலைச் சாப்பாட்டுக்கு அன்சிலா கூப்பிட்டாள். போய் அன்னாசிப் பழம் சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

இருக்கட்டும், இந்தப் பெண்கள் காத்திருப்பது வேறு படகாகக்கூட இருக்கலாம். கடலென்ன குளமா, ஒரு படகுதான் கிடக்க? நல்ல மீன்பாடாகவே இருக்கலாம். ஆனால் படகு தாழ்ந்திருந்ததா? அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும், மீன்காரி முதலில் அதைத்தானே பார்ப்பாள். பால்கனியிலிருந்து பார்த்தால் படகின் வயிறு அல்லவா தெரியும். வயிற்றில் மீன் மின்னியதா? மின்னியிருந்தால் இந்தக் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? அவள் மீனைத் தேடவேயில்லை. துணியைப் பார்த்தாள், மீன் இருக்கிறதென்று எடுத்துக்கொண்டாள். சாற்றுக் கோப்பை வியர்த்துச் சேலையில் சொட்டியது. பந்தல் ஓரத்தில் கைடு ரிஸ்வி, பஸ் நம்பர் எழுதிய அட்டையை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தான். இந்த ஊர் முஸ்லிம், தமிழ் பேசுகிறவன், கப்பல் வருகிற நாட்களில் கைடு, மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறான். கேட்கலாமா? கேட்டால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கிறவரைக்கும் அது மீன்பாடு. கேட்காமலும் இருக்க முடியவில்லை. வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. "தம்பி, படவெல்லாம் எங்க போச்சு?" அவன் கப்பல்காரர்கள் காதில் விழுமோ என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். "போட் ஒண்டு வந்தில்ல அம்மா. நேத்து விடிய முந்திப் போனது, ராவைக்கு வரோணும். எஞ்சின் பழுதாகீக்கும் எண்டு சொல்றாங்க. எல்லாப் போட்டும் தேடிப் போயீக்கி. டூரிஸ்ட் ஆக்களுக்குச் சொல்ல வாணாம் எண்டாங்க, பயணம் வந்தவங்க மனசு கஷ்டப்படும்தானே." படகு என்ன நிறம் என்று கேட்டாள். "நீலம். இஞ்ச எல்லாம் நீலம்தான் அம்மா." அதில் ஒரு துளி ஆறுதல். "எங்க பக்கத்துல துடுப்புல துணி கெட்டித் தூக்குனா மீன்பாடு. இங்க என்ன தம்பி?" என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். ரிஸ்வி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "கரைக்குக் கிட்ட வந்து தூக்கினா அப்பிடியும் ஈக்கலாம். நடுக் கடல்ல சட்டையக் கழட்டித் தூக்கினா காப்பாத்தச் சொல்றதானே அம்மா. எந்த ஊர்லயும் அதானே."

எந்த ஊரிலும் அதுதான். அவள் ஊரிலும் அதுதானா? அவளுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. அவள் பார்த்த துணியெல்லாம் கரையை நோக்கி வந்த துணி. நடுக் கடலில் சூசை எதைக் கட்டினான், எதைத் தூக்கினான், யாரைப் பார்த்துத் தூக்கினான் என்று அவன் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை. வீட்டுக்கு வந்தவன் மீனைத்தான் கொண்டு வந்தான், பயத்தைக் கடலிலேயே போட்டுவிட்டு வந்தான். ஆயுசு முழுக்கக் கடலைக் கரையில் நின்று பார்த்தவள், முதல் தடவை அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தபோதும் கரைக்காரியாகவே பார்த்தாள். புத்தி கெட்டவளே, கடவம் தூக்கிக்கொண்டு வரச் சொல்ல நடுக் கடலில் யாரடி இருக்கிறார்கள், உன்னைத் தவிர? இந்த இடத்தில் மனது ததேயுஸைக் கொண்டுவந்து நிறுத்தியது. வர வேண்டாம் என்று அவள் தள்ளத் தள்ள வந்தான். பக்கத்து வீட்டு ஜெர்மீனாவின் மகன். புயல் வருஷம் கடலில் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்து, தோலெல்லாம் உப்பில் உரிந்து வந்து சேர்ந்தான். கூடப் போன அண்ணன் வரவில்லை. "கப்பல் ஒண்ணு கிட்டப் போச்சு மாமி. மேல ஒரு ஆளு நிண்ணான். நம்மளப் பாத்தான். கையத் தூக்கினான். கப்பலு நிக்கல்ல." அதைக் கேட்டுவிட்டு ஜெர்மீனா அழுதுகொண்டுதான் இருந்தாள். மண்ணை வாரித் தூற்றியது பிரகாசிதான். கடலைப் பார்த்து நின்று, ஊரே கேட்க, "பாத்துட்டுப் போனவனுக்கக் கண்ணு அவிஞ்சு போவட்டு, அவன் குடும்பம் கரை காணாமப் போவட்டு" என்று அடிவயிற்றிலிருந்து சபித்தாள். அந்த ஆளை அவள் எத்தனையோ நாள் மனதில் பார்த்திருக்கிறாள். தடித்த கழுத்து, கல் முகம், வாயில் சுருட்டு. இப்போது அவனுக்கு அந்த முகம் இல்லை. காலையில் எழுந்து வந்து, காற்று முகத்தில் பட நின்று, யாரோ துள்ளுகிறார்களே என்று சந்தோஷப்பட்டுக் கையைத் தூக்கியிருப்பான். பாவம், அவனும் அன்னாசிப் பழம் சாப்பிட்டிருப்பான். விட்ட சாபத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? எடுக்க முடிந்தாலும் ஜெர்மீனாவின் முகத்தைப் பார்த்து எடுக்க முடியுமா? அன்சிலாவும் ரெக்ஸும் பஸ்சில் எங்கே போகிறார்கள் இப்போது, ரோடு நல்ல ரோடுதானா என்று சம்பந்தமில்லாமல் பயம் வந்தது.

சொல்ல வேண்டும். சொல்லி என்ன ஆகும்? விடியற்காலையில் உயிரோடு இருந்தார்கள் என்று ஆகும். அது பெரிய விஷயம், அந்தப் பெண்கள் கால் நோக நிற்பதே அதற்காகத்தானே. பார்த்துவிட்டு ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கேட்கட்டும், செருப்பால் அடிக்கட்டும். அடித்தால் நல்லதுதான். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள், மூட்டு உண்மையாகவே வலித்தது. "தம்பி, நான் கண்டேன். கப்பல்ல இருந்து. நீலப் படவு, துடுப்புல செவத்த சட்டை." ரிஸ்வியின் கையில் ஆடிக்கொண்டிருந்த அட்டை நின்றது. "எந்தப் பக்கம் அம்மா?" எந்தப் பக்கம்? கப்பலுக்கு இடது பக்கம். "கரை தெரிஞ்சிச்சா?" கரை... இல்லை, தெரியவில்லை. சூரியன்? முகத்தில் வெயில் அடித்ததா, முதுகிலா? வெயிலே வரவில்லை அப்போது. இடது பக்கம், இடது பக்கம் என்று அவள் கையை நீட்டினாள், கை அங்கே இங்கே ஆடிப் பொதுவாகக் கடலைக் காட்டியது. குளச்சல் கரையில் நின்றால் இருட்டில்கூடத் திசை சொல்வாள். கப்பலில் அவளுக்குத் தெரிந்த திசை சாப்பாட்டு அறை ஒன்றுதான். ரிஸ்வி அவளைப் பெண்களிடம் கூட்டிக்கொண்டு போனான். சிங்களத்தில் சொன்னான். பச்சை ரவிக்கை போட்ட ஒருத்தி, அன்சிலா வயதுதான் இருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பிரகாசியின் கையைப் பிடித்தாள். மீன் செதிளால் காய்த்த கை, பிரகாசிக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும். ஏதோ கேட்டாள். "நின்டுகொண்டு ஈந்தாங்களா, படுத்தா எண்டு கேக்கா," என்றான் ரிஸ்வி. "நிண்ணாவ. மூணு பேரும் நிண்ணாவ. ஒருத்தன் துள்ளினான்." ரிஸ்வி சொன்னதும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள், திரும்பி மற்றவர்களிடம் என்னவோ சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். "அது இவட புருஷனாம். கலியாண வீட்டுலயும் அப்பிடித்தான் துள்ளுவானாம்." அவள் பிரகாசியின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். செருப்படிக்கு வந்தவளுக்குக் கும்பிடு. "வேண்டாம் மக்களே," என்று பிரகாசி கையை இழுத்தாள். "தம்பி, அவட்ட சொல்லு. நான் பாத்துட்டுச் சும்மா இருக்கல்ல. மீன்பாடுன்னு நெனச்சேன். நானும் முந்தானைய ஆட்டினேன். சிரிச்சேன். அதையும் சொல்லு." ரிஸ்வி அவளைப் பார்த்தான், பச்சை ரவிக்கைக்காரியைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து யாருக்கோ பேசப் போனான். அதை அவன் மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு டிவி ஞாபகம் வந்தது. அறையில் டிவியைப் போட்டால் நீலத் தண்ணீரில் ஒரு சின்னக் கப்பல் ஊர்ந்துகொண்டே இருக்கும், இப்போது நாம் இங்கே இருக்கிறோம் என்று ரெக்ஸ் காட்டுவான். அப்படியானால் கப்பலுக்குத் தெரியும். விடியற்காலையில் எங்கே போனது என்று கப்பலுக்குத் தெரியாமலா இருக்கும்! பஸ் வந்து நின்றதும் ஓடினாள். அன்சிலா கையில் துணிப்பையும் மரத்தில் செய்த யானையுமாக இறங்கினாள். எல்லாவற்றையும் கேட்டாள், கேட்கக் கேட்க அவள் முகம் நர்சு முகமாக மாறியது, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற முகம். "எம்மா, கையத் தூக்குனது தப்பில்ல. யாருக்குத் தெரியும்? மொதல்ல அழாதீங்க." ஆனால் போனாள், அதைச் சொல்ல வேண்டும், நல்ல பிள்ளை. பந்தலில் நின்ற கப்பல்காரப் பெண்ணிடம் இங்கிலீஷில் பேசினாள், ரெக்ஸும் கூடப் பேசினான், கையால் படகு மாதிரி காட்டினான். அந்தப் பெண் கழுத்தில் ஸ்கார்ஃப், உதட்டில் சாயம், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், ஒயர்லெஸ்ஸில் இரண்டு வார்த்தை பேசினாள், பிறகு சிரித்தாள். "கேப்டன்ட்ட சொல்லியிட்டாங்களாம் எம்மா. அவங்க பாத்துக்கிடுவாங்களாம்." யார் பார்த்துக்கொள்வார்கள், எப்போது, சொன்னது போய்ச் சேர்ந்ததா, இல்லை கிழவி ஒருத்திக்குத் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டாளா, அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு? கேட்கப் பிரகாசிக்கு இங்கிலீஷ் இல்லை. எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். "இன்னொரு தடவ சொல்லு மக்களே." "சொல்லியாச்சு எம்மா." "மேல போய்ச் சொல்லுவோம்." "போய்ச் சொல்லலாம், ஏறுங்க மொதல்ல." ரிஸ்வியைத் தேடினாள், அவன் ஏலத் தரையில் நின்று இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தான், முதுகுதான் தெரிந்தது. முதுகில் என்ன படிக்க முடியும்.

கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் மூடு படகில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தார்கள். மாம்பலத்து அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கிய சேலையைப் பிரித்து, நெசவு எப்படி என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள் பிரகாசி. நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் உறுமியது, கரை பின்னால் போகத் தொடங்கியது. பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காராதே, உட்காராதே என்று உதடு தானாக முணுமுணுத்தது, ஜெபமாலை அதற்கேற்ப விரலில் உருண்டது. பாதித் தூரம் வந்திருக்கும். கரையில் சட்டென்று ஒரு சலசலப்பு. கூட்டம் கலைந்தது, யாரோ ஓடினார்கள், பச்சை ரவிக்கை தெரிந்தது. அவள் கையில் ஒரு நீளக் கழி. கழியின் நுனியில் ஒரு துணி. அதைத் தலைக்கு மேலே தூக்கி, இந்தப் படகைப் பார்த்து, ஆட்டினாள். குதித்துக் குதித்து ஆட்டினாள். மற்ற பெண்களும் கையை உயர்த்தினார்கள். வாய் திறந்திருந்தது, கத்துகிறார்கள், எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வந்துவிட்டதா படகு? கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்கிறாளா? இல்லை, வேறு ஏதாவது தெரிந்து, போகாதே, திரும்பி வா, இன்னும் ஒன்று கேட்க வேண்டும் என்று கூப்பிடுகிறாளா? சிரிக்கிறாளா, அழுகிறாளா? அவள்தான் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவளாயிற்றே. புரை எடுத்த கண்ணைப் பிரகாசி விரித்து விரித்துப் பார்த்தாள், துணி தெரிந்தது, துணியின் மடிப்புகூடத் தெரிந்தது. கடலில் தூக்கினால் என்ன என்று ரிஸ்வியிடம் கேட்டாள், கரையில் தூக்கினால் என்ன என்று கேட்காமல் வந்துவிட்டாள். "பாத்தியளா எம்மா, நமக்கு டாட்டா காட்டுகாங்க," என்றாள் அன்சிலா. படகிலிருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து, சிரித்துக்கொண்டு, கையாட்டினார்கள். பிரகாசியின் வலது கையும் தானாக எழும்பியது. அதை இடது கையால் இறுக்கிப் பிடித்து மடியில் அமுக்கி வைத்துக்கொண்டாள்.